காயாத பாட்டில்

பெய்யாத மழையைப் பெய்ததாகக் காட்டிய ஆள் யார் என்று கண்டுபிடிக்கச் சொல்லித்தான் எங்களைக் குமாரசமுத்திரத்துக்குக் கூப்பிட்டார்கள்.

என் கணவர் வேதாச்சலம் அதுவரை அப்படி ஒரு வழக்கை எடுத்ததில்லை. திருப்பதியில் அலிபிரி போகும் பாதையோரம் ஒரு மாடியறையில் உட்கார்ந்து, கூட்டத்தில் தவறிப்போன யாத்ரீகர்களையும் சத்திரத்தில் காணாமற்போன நகைகளையும் தேடிக் கொடுப்பது அவர் தொழில். ஆண்பிள்ளை நுழைய முடியாத சமையலறைகளில் பேச்சுக் கொடுக்க ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போவார். பேசுவது என் வேலை, பேசாமல் இருப்பது அவர் வேலை. கூலி மட்டும் ஒருவருக்குத்தான் என்று நான் சொல்லிக் காட்டுவது உண்டு.

"ஆளு தொலைஞ்சா தேடலாம், அட்டிகை தொலைஞ்சா தேடலாம். வறட்சி தொலைஞ்சா எங்கங்க போய்த் தேடறது?" என்று அன்றைக்கும் கேட்டேன்.

படியேறி வந்திருந்த பஞ்சாயத்து பிரசிடெண்டு கோவர்த்தனன் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையில் அவர் ஊர் இல்லை.

புத்தூருக்குத் தெற்கே இருந்தது குமாரசமுத்திரம். பெயரில்தான் சமுத்திரம், ஏரி தூர்ந்து மாடு மேயும் தரையாகிவிட்டிருந்தது. ஏரிகளைத் தூர் வாரவும், கிணறுகளில் நீர்மட்டம் பார்க்க அளவுக்கல் நடவும் சித்தூரில் ஒரு நீர்நிலை நிதிக் குழு மானியம் கொடுத்துவந்தது. மனுப் போட்ட மூன்று ஊர்களிலும் குழு ஒரு மழைமானியை நட்டது. புனல் வைத்த செப்புக் குழாய், அதற்குள் ஒரு கறுப்புப் பாட்டில், அவ்வளவுதான். விழுகிற மழை பாட்டிலில் சேரும். திங்கட்கிழமைதோறும் பாட்டில் பஸ்ஸில் புத்தூர் போகும். அங்கே குழுவின் குமாஸ்தா அதை அளவுக் கண்ணாடியில் ஊற்றிப் பார்த்துவிட்டுக் காலிப் பாட்டிலைத் திருப்பி அனுப்புவார். கோடையில் இரண்டு மாதம் விடாமல் பாட்டில் காய்ந்து வந்தால் அது வறண்ட ஊர், மானியம் உண்டு. நடுவில் கொஞ்சம் தண்ணீர் வந்தாலும் கணக்கு மறுபடி முதலிலிருந்து.

மற்ற இரண்டு ஊர்களின் பாட்டில்களும் காய்ந்து போயின. குமாரசமுத்திரத்துப் பாட்டில் மட்டும், வானத்தில் பஞ்சுத் துணுக்கு இல்லாத வாரங்களில்கூட, அடியில் கொஞ்சம் தண்ணீரோடு போய் இறங்கியது. அந்த வருஷத்து மானியத்துக்குக் குழு கடைசியாகக் கூடுவது வருகிற புதன்கிழமை.

பழி நாகேந்திரன் மேல் விழுந்தது. எட்டாவது வரை படித்த விவசாயி என்று மழைமானியை அவரிடம்தான் ஒப்படைத்திருந்தார்கள். எல்லைக் கமிஷன் அறிக்கை வந்து, எந்த ஊர் ஆந்திராவில் நிற்கும், எந்த ஊர் மதராசுக்குப் போகும் என்று ஆளாளுக்குக் கோடு கிழித்துக்கொண்டிருந்த காலம். நாகேந்திரன் பெண் எடுத்தது திருத்தணிப் பக்கம். ஆந்திராவில் இருந்தால் ஏரிக்குக் காசு வராது என்று காட்டி ஊரையே மதராசுப் பக்கம் தள்ளப் பார்க்கிறார் என்று பேசினார்கள்.

"அந்தாளுதான்னு ஊருக்கே தெரியும் சாரு. ருஜுவு மட்டும் குடுத்துடுங்க" என்றார் கோவர்த்தனன்.

குற்றவாளி ஏற்கெனவே ரெடி, குற்றத்தைத்தான் தேட வேண்டும் என்று நான் என் கணவர் காதில் சொன்னேன். இவர் பையை எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போய் இறங்கினோம். தங்கியது பிரசிடெண்டு வீட்டில். இவர் ஆண்களோடு ஏரிக்கரைக்குப் போக, நான் நாகேந்திரன் வீட்டைத் தேடிப் போனேன். பஸ் நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே இருந்தது. வழி கேட்ட வீடுகளில் எல்லாம் கையை நீட்டிக் காட்டினார்களே தவிர, அந்தப் பெயரை யாரும் சொல்லவில்லை.

நாகேந்திரன் மனைவி சந்திரம்மா கதவருகிலேயே நின்று, "எங்க வூட்ல தண்ணி குடிப்பியாக்கா?" என்று கேட்டாள்.

"ஏன், உங்க வூட்டுத் தண்ணி கடிக்குமா?"

அவள் சிரித்துவிட்டு, சிரித்ததற்கு வெட்கப்பட்டவள் போல உள்ளே போனாள். ஊர்க் கிணறு முழுக்க உப்பு. நல்ல தண்ணீருக்கு மாந்தோப்புக் கிணற்றுக்கு நடக்க வேண்டும். அப்படித் தூக்கி வந்த தண்ணீரில் வெட்டிவேர் போட்டு வைத்திருந்தாள். ஒரு சொம்பு குடித்தேன். இரண்டு மாதமாக அவள் வீட்டில் யாரும் நெருப்புக் கேட்கவில்லை, உப்புக் கேட்கவில்லை என்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். பக்கத்து வீடுகளுக்குக் குழம்பு அனுப்பிய ஏனங்கள் மூன்று போன இடத்திலேயே நின்றுவிட்டன. அவளுக்குப் பாத்திரம் போனது துக்கமில்லை, திரும்பி வராததுதான் துக்கம். பேர் சுத்தமாகாவிட்டால் நிலத்தை விற்றுவிட்டு மாமனார் ஊருக்கே போய்விடுவது என்று நாகேந்திரன் முடிவு செய்திருந்தார். அப்படிப் போனால் ஊர் சொன்னது சரி என்று ஆகிவிடுமே என்று அவளுக்குப் பயம்.

கிளம்பும்போது இவருக்கென்று கேழ்வரகுக் களியும் புளிச்சகீரையும் ஒரு மூடி போட்ட பித்தளை ஏனத்தில் வைத்துக் கொடுத்தாள். பிரசிடெண்டு வீட்டுச் சாப்பாட்டை விட்டுவிட்டு இவர் அதைத்தான் சாப்பிட்டார். பிரசிடெண்டு வீட்டு அம்மாள் அந்த ஏனத்தைப் பார்த்தும் பார்க்காதது போல் இருந்தாள்.

திங்கட்கிழமை காலையில் ஊர் முன்னிலையில் நாகேந்திரன் மழைமானியைத் திறந்தார். ஒல்லியான மனிதர். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பாட்டிலை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்தார். ஒரு சிற்றெறும்பு விழுந்தது. இவர் விரல் விட்டுத் துடைத்துப் பார்த்தார். சுக்காகக் காய்ந்திருந்தது. நாகேந்திரன் பாட்டிலைத் தன் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார், உள்ளே சந்திரம்மா தக்கை அடைத்துத் துணி சுற்றினாள், பஸ் வந்தது, கண்டக்டர் வாங்கிக்கொண்டார். அதே பஸ்ஸில் நாங்களும் ஏறினோம். டிரைவர் பக்கத்தில் ஆணியில் தொங்கிய பாட்டிலை விட்டு நான் கண்ணெடுக்கவில்லை. ஒரு மழைமானிப் பாட்டிலுக்கு இத்தனை மரியாதையோடு துணை போனது நான் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

புத்தூரில் குமாஸ்தா தக்கையைத் திறந்து கண்ணாடியில் கவிழ்த்தார். தண்ணீர் வந்தது.

"எப்பவும் இவ்வளவுதானா?" என்று இவர் கேட்டார்.

குமாஸ்தா விவரம் சொன்னார். கார்த்திகையில் மழை பெய்த வாரங்களில் மூன்று ஊரும் கிட்டத்தட்ட ஒரே அளவு. மழை இல்லாத வாரங்களில் மற்ற இரண்டும் சுத்தமாகக் காலி. குமாரசமுத்திரம் மட்டும் இதே இரண்டு கரண்டித் தண்ணீர்.

"மழை பெஞ்சா வேலைக்கு வராத திருடன்" என்றார் இவர்.

"அப்போ உத்தியோகஸ்தனாத்தான் இருக்கணும்" என்றேன். குமாஸ்தா இருமினார்.

இவர் கண்ணாடியில் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தார். குமாஸ்தாவுக்கு முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். பிறகு கண்ணாடியை என்னிடம் நீட்டினார். உப்பு இல்லை. நல்ல தண்ணீர். அதில் மெல்லிய ஒரு வாசனை.

அந்த வாசனையை நான் முந்தின நாள்தான் குடித்திருந்தேன். சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் பார்த்தேன். ஆனால் என் முகத்தை இவர் படித்துவிட்டார்.

"வெட்டிவேர்" என்றேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இத்தனை நாள் யாரும் நுழையாத வீட்டில் நுழைந்து, அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்து, அந்தத் தண்ணீரையே அவளுக்கு எதிரான சாட்சியாக எடுத்து வந்திருக்கிறேன். ஊர் சொன்னது சரிதான். தண்ணீர் நாகேந்திரன் வீட்டிலிருந்துதான் வந்தது.

இறங்கும்போது இவர் ஒன்று மட்டும் சொன்னார். "கெடுக்கணும்னு நெனைக்கறவன் கிணத்துத் தண்ணிய ஊத்துவான். அவ்ளோ தூரம் நடந்து கொண்டாந்த தண்ணிய ஊத்த மாட்டான்."

"அதை ஊருக்கு எப்படிச் சொல்றது?"

சாயங்காலம் சாவடியில் ஊர் கூடும், அங்கே ருஜுவைச் சொல்ல வேண்டும்.

பிரசிடெண்டு வீட்டுப் பின்கட்டில் சந்திரம்மாவின் ஏனத்தை அலம்பினேன். எப்படி இருந்தாலும் அவள் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். திருப்பதியிலிருந்து கொண்டுவந்த கற்கண்டில் ஒரு பிடி அள்ளி அதில் போட்டு மூடினேன். இவர் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது எதுக்கு?"

"எதுக்குன்னா? அடுத்த வூட்டு ஏனத்தை வெறுமனே குடுப்பாங்களா?"

அவர் அப்படியே நின்றார். ஏன் என்று எனக்கு உடனே புரியவில்லை. திருப்பதிக்கு வருமுன் அவர் கோர்ட்டில் அமீனாவாக இருந்தவர். கடன் கட்டாத வீடுகளில் அண்டா குண்டாக்களை ஜப்தி செய்வது வேலை. அந்த வேலையைத் தாங்க முடியாமல் விட்டுவிட்டார் என்பது தெரியும். என்ன தாங்க முடியவில்லை என்பதை அவர் அன்றைக்குத்தான் சொன்னார். சாமான்களை வண்டியில் ஏற்றும்போது சில வீடுகளில் பெண்கள் ஓடி வருவார்களாம். எடுக்காதே என்று தடுக்க இல்லை. காலியாகப் போகக் கூடாது என்று ஒவ்வொரு பாத்திரத்திலும் நாலு அரிசி போட.

"பாட்டிலு யாருது, தாட்சாயணி?"

"குழுவோடது."

"அடுத்த வூட்டு ஏனம்" என்றார்.

சந்திரம்மா கற்கண்டைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். அவள் வீட்டுக்கு ஒரு பாத்திரம் முறையாகத் திரும்பி வந்து அத்தனை நாள் ஆகியிருந்தது. இவர் கேள்வியை என்னிடம் விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். நான் பாட்டிலைப் பற்றிக் கேட்டேன். அவள் கொஞ்சமும் ஒளிக்கவில்லை.

"மழை பெஞ்சா அதுலியே தண்ணி கீது, நான் ஒண்ணும் போட மாட்டேன். வெறும் பாட்டிலா இருந்தா எப்படிக்கா குடுத்தனுப்பறது? சாவு வூட்ல இருந்துதான் ஏனம் வெறுமனே போவும். அதுவும் காசு கேட்டு மனுப் போட்டிருக்கிற எடம். வெறும் பாத்திரம் போனா வெறும் கைதான வரும்? மொதல்ல சக்கரை போடலாம்னு பாத்தேன். வாய் சின்னது, எறும்பு வேற வரும். அதான் ரெண்டு கரண்டி நல்ல தண்ணி."

ஏரிக்குக் காசு வர வேண்டும் என்றுதான் அவள் அதை ஊற்றியிருக்கிறாள். குடிக்க வைத்திருந்த தண்ணீரிலிருந்து, வாராவாரம்.

அந்தத் தண்ணீரை எதற்கு அளக்கிறார்கள் என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. கூடிய வரை மெதுவாகச் சொன்னேன். பாதியிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். நான் சொல்லி முடிக்கும்போது நாகேந்திரன் கதவில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு கேட்டார் என்று தெரியாது. கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் தலையில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"பாட்டிலை எப்படி எடுக்கறது, எப்படி வெக்கறதுன்னு குழுக்காரங்க எனக்கு ஒரு நாள் பூரா காட்டினாங்க. வூட்டுக்கு வந்து இவகிட்ட நான் ஒரு வார்த்த சொல்லலியே" என்றார்.

சாவடியில் இவர் சொன்னது ஒரே வாக்கியம்: பாட்டிலில் நாகேந்திரன் தண்ணீர் ஊற்றவில்லை. வேறு யார் என்று கோவர்த்தனன் கேட்டார். அதைச் சொல்ல மாட்டேன், வேண்டுமானால் கூலி வேண்டாம் என்றார் இவர். ருஜுவு இல்லாத பேச்சு என்று ஆண்கள் பக்கம் சத்தம் கிளம்பியது. வேலைக்கு வந்த ஆளையே வாங்கிவிட்டான் நாகேந்திரன் என்று ஒருவர் சொன்னார்.

அப்போது சந்திரம்மா எழுந்து நின்றாள். "நான்தான் ஊத்தினேன். வெறுமனே அனுப்ப மனசு வரல."

அவ்வளவுதான் சொன்னாள். ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு விளங்க நேரம் பிடித்தது. பெண்கள் யாரும் யாரையும் பார்க்கவில்லை. அங்கே இருந்த ஒவ்வொருத்திக்கும், அந்தப் பாட்டில் தன் வீட்டு வழியாகப் போயிருந்தால் தானும் அதையேதான் செய்திருப்பாள் என்று தெரியும். எனக்கும் தெரியும். பிரசிடெண்டு வீட்டு அம்மாள்தான் முதலில் எழுந்து போனாள். கொஞ்ச நேரத்தில் ஒரு ஈயம் பூசிய குண்டானோடு திரும்பி வந்தாள். சந்திரம்மாவின் குண்டான். அதில் துவரம்பருப்பு இருந்தது. அதைச் சந்திரம்மாவின் கையில் வைத்தாள். கோவர்த்தனன் தன் வீட்டுக்குள் அந்தக் குண்டான் இத்தனை நாள் இருந்ததை அப்போதுதான் பார்த்தார். அதன் பிறகு அவர் ருஜுவு கேட்கவில்லை.

ஆனால் ஊர் ஒப்புக்கொண்டால் போதாது. மானியம் கொடுக்கிறவர்கள் சித்தூரில் இருந்தார்கள்.

புதன்கிழமை கூட்டத்துக்கு முந்தி, இவர் சொன்னபடி, சந்திரம்மாவிடம் அதே பித்தளை ஏனத்தை மறுபடி கேட்டு வாங்கி, அதில் மாவடு போட்டு எடுத்துக்கொண்டு குழுத் தலைவர் வீட்டுக்குப் போனேன். தலைவர் நாராயணசாமி ஓய்வு பெற்ற இஞ்சினீர், குளிக்கப் போயிருந்தார். அவர் மனைவி சுலோசனா என்னை உட்கார வைத்துக் காபி கொடுத்தார். லஞ்சமா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். லஞ்சம் கொடுக்கிறவர்கள் இவ்வளவு காரமாகக் கொடுக்க மாட்டார்கள் என்றேன். மாவடுவை ஜாடியில் மாற்றிவிட்டு, ஏனத்தை அலம்பி, மூடி போட்டு என் கையில் கொடுத்தார். நான் மூடியைத் திறந்து பார்க்கவில்லை. கனத்திலேயே தெரிந்தது. நல்ல மனுஷி. அவரிடம் காபி வாங்கிக் குடித்துவிட்டு அவருடைய மரியாதையை மேஜை மேல் சாட்சியாக வைக்கப்போகிறோம் என்று எனக்கு வாசற்படி இறங்கக் கால் வரவில்லை.

கூட்டத்தில் நாராயணசாமி இவர் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பாட்டில்ல தண்ணி இருந்துது. அது ஒண்ணுதான் எனக்குக் கணக்கு. பாத்திரம் காலியா இருக்குதேன்னு ஒரு பொம்பளை தண்ணி ஊத்தினாள்னு நான் எழுதினா மேல இருக்கறவன் சிரிப்பான். எந்த வூட்ல அய்யா நடக்கும் இது?"

"உங்க வூட்ல சார்" என்றார் இவர்.

ஏனத்தை மேஜை மேல் வைத்து மூடியை எடுத்தார். உள்ளே இரண்டு அச்சு வெல்லம் இருந்தது. காலையில் தலைவர் வீட்டுக்கு மாவடு வந்த பாத்திரம் இது என்று விளக்கினார். குரலை உயர்த்தவில்லை, ஜெயித்த குரலும் இல்லை. ஜப்தி நோட்டீசு வாசித்த காலத்தில் இப்படித்தான் வாசித்திருப்பார் என்று எனக்குத் தோன்றியது.

நாராயணசாமி வெல்லத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் காது வரை சிவந்திருந்தது. குழுவில் ஒருவர் சிரிக்க ஆரம்பித்தார். தலைவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"நான் நாப்பது வருஷமா சாப்பிடற வூடு" என்றார் நாராயணசாமி மெதுவாக. "இது எனக்குத் தெரியாது."

மழையில்லாத வாரங்களின் அளவை அடித்துவிட ஒப்புக்கொண்டார். ஒரு நிபந்தனை. அடுத்த திங்கட்கிழமை பாட்டில் மழைமானியில் இருந்தபடியே வர வேண்டும். காய்ந்து வந்தால் குமாரசமுத்திரத்துக்கு மானியமும் அளவுக்கல்லும் உண்டு. மூடியை அவரே எடுத்துப் போட்டு, ஏனத்தை இவரிடம் இரண்டு கையாலும் கொடுத்தார்.

அந்தத் திங்கட்கிழமைக்காக நாங்கள் ஊரில் தங்கினோம். அதற்குள் மற்ற இரண்டு ஏனங்களும் சந்திரம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டன, ஒன்றில் உப்பும் ஒன்றில் கம்பும். பாட்டிலை வேறு யாராவது கொடுக்கட்டும் என்று கோவர்த்தனனே சொல்லிப் பார்த்தார். என் கையால் கெட்டது, என் கையாலேயே போகட்டும் என்று அவள் கேட்கவில்லை.

பஸ் வந்து நின்றது. ஊரே நின்றுகொண்டிருந்தது. எதிரே தன் வீட்டு வாசலில் நாகேந்திரன் பாட்டிலைக் கவிழ்த்துக் காட்டிவிட்டு அவளிடம் கொடுத்தார். அவள் தக்கை அடைத்தாள், துணி சுற்றினாள். அவள் பின்னால் வெட்டிவேர்ப் பானை இருந்தது; கை ஒரு முறை அந்தப் பக்கம் போய்த் திரும்பியதை நான் பார்த்தேன். பிறகு தெருவைக் கடந்து வந்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, அந்த வெறும் பாட்டிலை நீட்டினாள். தானம் வாங்க நீட்டுகிற கைகூட அவ்வளவு கூசி நான் பார்த்ததில்லை.

கண்டக்டர் எப்போதும் படியில் நின்றபடியே ஒரு கையால் பிடுங்கிக்கொள்ளுகிறவர். அன்றைக்குக் கீழே இறங்கி வாங்கிக்கொண்டார்.

நாங்கள் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தோம். ஏரிக்குக் காசு வந்துவிடும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஏதாவது வேடிக்கையாகச் சொல்லலாம் என்று இவர் பக்கம் திரும்பினேன். அவள் கண்ணில் படக்கூடாது என்று இவர் சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவருகிறவர்கள், பாத்திரத்தை வெறுமனே வாங்கிப் போவார்கள். பல வருஷம் கழித்து இவர் இறந்துபோன அன்றைக்கு நானும் ஒவ்வொன்றாக அலம்பி அப்படித்தான் கொடுத்தேன். குமாரசமுத்திரத்திலிருந்து சந்திரம்மா சாப்பாடு கொண்டுவந்த பித்தளை ஏனத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது மட்டும் அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவளும் என்னைப் பார்க்காமல், இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.